தலைமை யார், முன்னிலை யார்?

நிருபர் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு முதல் வாரத்திலேயே ஒரு கேள்வியைப் பழக்கியிருப்பார்கள். ஆர்ப்பாட்டமோ மறியலோ உண்ணாவிரதமோ, போய் இறங்கியதும் கேட்க வேண்டியது: “தலைமை யார், முன்னிலை யார்?” கேட்காமல் வந்தால் செய்தி பாதிதான். பெயர் விட்டுப்போனவர் மறுநாள் காலையில் அலுவலக வாசலில் நிற்பார். பெயர் வரிசை மாறிப்போனால் இரண்டு பேர் நிற்பார்கள். மதுரையில் நான் நிருபராக இருந்த காலம் முழுவதும் இந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டே இருந்தேன். ஒரே ஒரு முறைதான் யாரும் பதில் சொல்லவில்லை. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அதற்கு முன் என்னைப் பற்றி ஒரு விவரம் சொல்ல வேண்டும். என் அப்பா கோலார் தங்கவயலில் சுரங்க வேலை பார்த்தவர். அங்கே தமிழ்த் தொழிலாளர்கள் பலர் பௌத்தர்களாக இருந்தார்கள். அப்பாவும் அங்கே பௌத்தரானார். நெஞ்சில் சுரங்கத் தூசியோடு மதுரைக்குத் திரும்பி அரசரடியில் வீடு பிடித்தபோது, பெட்டியில் ஒரு புத்தர் படமும் கொண்டுவந்தார். பௌர்ணமி தோறும் அந்தப் படத்தின் முன் உட்கார்ந்து ஐந்து ஒழுக்கங்களையும் தமிழில் சத்தமாகச் சொல்வோம். கொல்ல மாட்டேன் என்பது முதலாவது. பொய் சொல்ல மாட்டேன் என்பது நான்காவது. தெருவில் எங்கள் வீட்டுக்கு ‘புத்தர் வீடு’ என்று பெயர். என்ன சாதி என்று கேட்பவர்களிடம் பௌத்தன் என்பேன். “சரி, அதுக்கு முன்னால என்ன?” என்பார்கள். இப்படித்தான் அந்தப் பேச்சு எப்போதும் முடியும்.

பேசுவதற்கு முன் நான்கு விஷயம் பார்க்க வேண்டும் என்று அப்பா சொல்வார். சொல்வது உண்மையா? அதனால் பயன் உண்டா? இப்போது சொல்ல வேண்டியதுதானா? நல்ல எண்ணத்தோடு சொல்கிறோமா? பத்திரிகைக்கு வந்த பிறகு, நம் தொழில் முதல் கேள்வியோடு நின்றுவிடுகிறது என்று கண்டுகொண்டேன். அந்த முதல் கேள்வியையே ஒழுங்காகக் கேட்பவர்கள் குறைவு என்பதால் அப்போது அது எனக்குப் பெரிய குறையாகத் தெரியவில்லை.

எழுபதுகளின் தொடக்கத்தில் மாநிலத்தின் பெரிய கட்சி இரண்டாக உடைந்தது. உங்களில் பலர் அப்போது பிறந்திருக்க மாட்டீர்கள். டீக்கடை இரண்டாகப் பிரிந்தது. சலூன் இரண்டாகப் பிரிந்தது. கல்யாணப் பந்தியில்கூட எதிரெதிர் வரிசையில் உட்கார்ந்தார்கள். இரண்டு கட்சிகளும் ஒரே திடலில் ஒரே வாரத்தில் பொதுக்கூட்டம் போட்டன. இரண்டு தரப்பும் ஆள் அனுப்பி என்னிடம் கேட்டன: “எம்புட்டுப் பேருன்னு போடப் போறீக?” நான் எண்ணிக்கை போடவில்லை. முதல் கூட்டத்துக்குத் திடல் முக்கால்வாசி நிறைந்தது என்று எழுதினேன். இரண்டாவது கூட்டத்துக்கும் அதே அளவுதான் என்று எழுதினேன். இரண்டு தரப்பும் என்னைத் திட்டின. பிறகு, எதிர்க்கட்சிக் கூட்டத்துக்கு உண்மையிலேயே எவ்வளவு ஆள் வந்தது என்று தெரிய வேண்டியபோது இரண்டு தரப்பும் என்னிடம்தான் வந்தன. நம்பிக்கை அப்படித்தான் சேர்ந்தது. அதை வைத்து என்ன செய்வது என்று அப்போது நான் யோசித்ததில்லை.

எண்பத்து மூன்று ஜூலையில் கொழும்பில் தமிழர்களைக் கொன்றார்கள். வீடுகளையும் கடைகளையும் கொளுத்தினார்கள். தமிழ்நாடு கொதித்தது. அந்த வாரம் ‘பௌத்தம்’ என்ற சொல்லே கெட்ட வார்த்தையாகிவிட்டது. அச்சுக்கோக்கும் பகுதியில் இருந்த நண்பர் ஒருவர், “என்னய்யா, ஒங்க சாமி ஆளுங்க இப்பிடிப் பண்றாங்க?” என்று கேட்டார். அவர் கேலிக்குத்தான் கேட்டார். எனக்குச் சிரிக்க வரவில்லை. அதற்கு முந்தின நாள்தான் கொழும்பிலிருந்து தப்பி வந்த மளிகைக் கடைக்காரர் ஒருவரைச் சந்தித்து எழுதியிருந்தேன். பேசி முடிக்கும்வரை கடைச் சாவியைக் கையிலேயே வைத்திருந்தார். அந்தச் சாவிக்குரிய கதவு எரிந்துபோயிருந்தது.

கடையடைப்பு நடந்த நாள். நகரத்தில் பஸ் இல்லை, ஆட்டோ இல்லை. கட்சிக் கொடி கட்டிய வண்டிகள் மட்டும் ஓடின. முற்பகலில் அலுவலகத்துக்கு ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. பேசியவர் ஆரப்பாளையம் பாண்டி. உடைந்து உருவான இரண்டு கட்சிகளில் ஒன்றின் வட்டச் செயலாளர்.

“சார், நம்ம ஏரியா லாட்ஜுல சிங்களச் சாமியார் ஒருத்தன் பதுங்கிக் கெடக்கான். மொட்டத் தலை, காவித் துணி. வெளிய இழுத்துப் போடப் போறோம். போட்டோக்காரரக் கூட்டிக்கிட்டு வெரசா வாங்க. அந்தாளு வந்து நிக்கிறதுக்குள்ள வாங்க.”

‘அந்தாளு’ என்பது தவமணி. அடுத்த கட்சியின் வட்டச் செயலாளர். பாண்டியின் அக்காளைக் கட்டியவர். கட்சி உடைந்த நாளிலிருந்து இருவருக்கும் பேச்சு கிடையாது. ஒரே வீட்டு விசேஷத்தில் நின்றாலும் மூன்றாம் ஆளை வைத்துத்தான் பேசுவார்கள். “அக்கா, ஒன் வீட்டுக்காரரு எலையில ரசம் இல்லன்னு சொல்லு” என்கிற மாதிரி.

செய்தி ஆசிரியரிடம் சொன்னேன். தலை நிமிராமல் சொன்னார்: “போய்ப் பாரு. நடந்தா எழுது. நீ போனதால நடந்துச்சுன்னு ஆகிடக் கூடாது.”

அவர் சொன்னதன் பொருள் உங்களுக்குச் சீக்கிரமே புரியும். அந்தக் காலத்தில் கேமரா வராமல் மறியல் தொடங்காது. ரயிலை மறிக்க வந்தவர்கள் புகைப்படக்காரர் வரும்வரை நடைமேடை பெஞ்சில் உட்கார்ந்து கடலை தின்றதை நான் பார்த்திருக்கிறேன். எங்கள் புகைப்படக்காரர் அப்போது ரயில் நிலையத்தில் இருந்தார். அவருக்கு நான் ஆள் அனுப்பவில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு தனியாகக் கிளம்பினேன்.

லாட்ஜ் முன்னால் இரண்டு கூட்டம் நின்றது. ஒன்று பாண்டியுடையது, மற்றது தவமணியுடையது. நடுவில் ஒரு வண்டி போகும் அளவுக்கு இடைவெளி. மாடி ஜன்னலில் ஒரு கண்ணாடி ஏற்கெனவே உடைந்திருந்தது. போலீஸ்காரர் ஒருவர் இருந்தார். எதிர்க்கடைத் தாழ்வார நிழலில் நின்று லத்தியைக் கை மாற்றிக்கொண்டிருந்தார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். மற்றவர்களையெல்லாம் ரயில் நிலையத்துக்கு அனுப்பியிருந்தார்கள்.

“போட்டோக்காரர் எங்க சார்?” என்றார் பாண்டி.

“வரல. நான் வரச் சொல்லல.”

“அப்ப அடுத்த பேப்பர்க்காரருக்கு ஆளனுப்புடா” என்று பின்னால் திரும்பிச் சொன்னார். ஒரு சைக்கிள் பறந்தது.

இரும்புக் கதவைப் பாதி இழுத்து உள்ளே நின்றிருந்தார் மேனேஜர் சோலையப்பன். என்னை மட்டும் உள்ளே விட்டுவிட்டுக் கையைப் பிடித்துக்கொண்டார்.

“சார், நேபாளின்னு சொல்லிருக்கேன். நீங்களும் அதையே சொல்லிருங்க. ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும். நீங்க சொன்னா ரெண்டு பயலும் நம்புவான்.”

“நிஜமா எந்த ஊரு?”

“கண்டிப் பக்கம். வடக்க கோயில் குளமெல்லாம் பாத்துட்டு ராமேஸ்வரம் கப்பலுக்குப் போறவரு. இங்க வந்து வயித்தால போயி ரெண்டு நாளா எந்திரிக்க முடியல. நேத்தே காலி பண்ணச் சொல்லிருப்பேன். எப்பிடிச் சார் சொல்றது, சுவத்தப் புடிச்சுத்தான நிக்கிறாரு.”

மாடிக்குப் போனேன். கட்டிலில் ஒரு முதியவர் ஒருக்களித்துப் படுத்திருந்தார். அறுபத்தைந்து வயது இருக்கும். தரையில் கண்ணாடித் துண்டுகள் கிடந்தன. நான் நிருபர் என்றேன். நானும் பௌத்தன் என்றேன். முகம் மலர்ந்து கையூன்றி எழுந்து உட்கார்ந்தார். தேயிலைத் தோட்டங்களுக்குப் பக்கத்து ஊர்க்காரர், உடைந்த தமிழ் பேசினார்.

கேட்டிருக்க வேண்டாம். கேட்டேன். “உங்கள் நாட்டில் தமிழர்களைக் கொல்கிறார்கள். தெரியுமா?”

“ஆமிக்காரப் பிள்ளைகள் முதல் செத்தது” என்றார். “அதால சனங்களுக்குக் கோவம். கோவம் வந்தா எல்லா நாட்டிலும் இப்படித்தானே.”

“வீடுகளைக் கொளுத்தியது?”

“நான் பார்க்கல்ல. நான் இந்தியாவில இருந்தது.”

வருத்தம் தெரிவிப்பார் என்று எதிர்பார்த்துப் போயிருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. ஒரு வார்த்தை, “பாவம்” என்று சொல்லியிருந்தால்கூடப் போதும். அவர் சொல்லவில்லை. பௌர்ணமி தோறும் நான் சொல்லும் அதே ஐந்து வரிகளைத் தினமும் சொல்கிறவர், கடைச் சாவிக்காரரைப் பற்றி ‘எல்லா நாட்டிலும் இப்படித்தானே’ என்கிறார். அவரோடு மேற்கொண்டு பேசாமல் படியிறங்கினேன். கோபம் அடங்கவில்லை.

அந்தப் படிக்கட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கீழே போனதும் என்ன கேட்பார்கள் என்று எனக்குத் தெரியும். என்னிடம் இரண்டு பதில்கள் இருந்தன. ஒன்று, நேபாளி. எளிய பொய். ஒரு உயிரைக் காப்பாற்றும் பொய். எங்கள் ஐந்து ஒழுக்கங்களில் முதலாவது நான்காவதைவிடப் பெரியது என்று யாரும் எனக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆனால் நேபாளி என்று சொல்வது, சிங்களவர் என்றால் அடிக்கலாம் என்று கூட்டத்தோடு சேர்ந்து நானும் ஒப்புக்கொள்வதாகும். இன்னொன்று, சிங்களவர். அது உண்மை. இருந்த கோபத்தில் அதைச் சொல்ல என் நாக்கு துடித்தது. அப்படிச் சொன்னால் மாடி ஜன்னலில் எறிந்த கல்லுக்கும் என் உண்மைக்கும் வித்தியாசம் இல்லை. கடைசிப் படியில் கொஞ்சம் நின்றேன். கோபம் தணிந்த பிறகு வெளியே வந்தேன். நான் செய்ததில் உருப்படியானது அது ஒன்றுதான் என்று இப்போதும் நினைக்கிறேன்.

கதவுக்கு முதுகு காட்டி நின்றேன். தவமணி முன்னால் வந்தார்.

“சார், சோலையப்பன் நேபாளிங்கிறான். இன்னொரு கட்சிக்காரங்க சிங்களவன்ங்கிறாங்க. நீங்க சொல்லுங்க. நீங்க சொல்றதுதான்.”

“அவரும் அந்த மதந்தானய்யா!” என்று பாண்டி பக்கமிருந்து ஒருவன் கத்தினான். “விட்டுக்குடுப்பாரா?”

“ஏலே, சும்மா இரு” என்றார் பாண்டி. “சாரு பொய் சொல்ல மாட்டாரு. நம்ம கூட்டத்துக்கே ஒரு ஆளு கூட்டிப் போட மாட்டாருன்னா பாத்துக்க.”

“சிங்களவர்தான்” என்றேன்.

சத்தம் எழுந்தது. உள்ளே சோலையப்பன் தலையில் கை வைத்துப் படியில் உட்கார்ந்தார். கூட்டம் இரண்டு அடி முன்னால் வந்தது. பையிலிருந்து பேனாவை எடுத்தேன். எந்த ஆர்ப்பாட்டத்திலும் கேட்கிற குரலில்தான் கேட்டேன்.

“தலைமை யாரு?”

பாண்டிக்குப் புரியவில்லை. “எதுக்கு சார்?”

“வயித்தால போயி எந்திரிக்க முடியாத பெரியவரு ஒருத்தர மாடியிலருந்து இழுத்துட்டு வரப் போறீங்கள்ல. அதுக்கு. தலைமை யாரு, முன்னிலை யாரு?”

பாண்டி அந்தப் பக்கம் பார்த்தார். தவமணி இந்தப் பக்கம் பார்த்தார்.

“பேரெல்லாம் எதுக்கு சார்?” என்றது ஒரு குரல். “ ‘பொதுமக்கள்’னு போட்டுருங்க.”

“போன மாசம் தண்ணி மறியலுக்கு ‘பொதுமக்கள்’னு போட்டேன். மறுநாளு ஆபீஸுக்கு வந்து சண்ட போட்டது யாரு?”

பின்னால் யாரோ சிரித்தார்கள். சண்டை போட்டவர் பாண்டியேதான். அவர் முகம் சிவந்தது.

“தகவல் குடுத்தது நாங்கதான். ஆனா தலைமைன்னு…” என்று இழுத்தார். பிறகு பழக்கப்படி மூன்றாம் ஆளைத் தேடினார். பக்கத்தில் நின்றவனிடம், “அவரு வயசுல மூத்தவரு. அவரு தலைமை வகிக்கட்டும்னு சொல்லு” என்றார்.

தவமணி தன் ஆளிடம், “மொதல்ல வந்தவங்களுக்குத்தான் தலைமைன்னு சொல்லு. நம்ம பின்னால வந்தவுக” என்றார்.

“பெரியவர முன்னால விடுறதுதான் மொறைன்னு சொல்லுடா.”

“கல்லெடுத்துப் போட்டது யாரு ஆளுன்னு கேளுடா.”

நடுவில் நின்றவர்கள் இரண்டு பக்கமும் திரும்பித் திரும்பிக் களைத்துப்போனார்கள். கடைசியில் தவமணிக்குப் பொறுமை போயிற்று. “மாப்ள!” என்று நேராகவே கத்தினார். “போன் பண்ணிப் பேப்பர்காரரக் கூப்புட்டது நீயி. இப்ப எம் பேர எழுதச் சொல்றியா?”

“மச்சான், ஒங்களுக்கு விட்டுக்குடுத்தாத் தப்பா?”

கட்சி உடைந்த பிறகு அவர்கள் இருவரும் நேருக்கு நேர் பேசிக்கொண்டது அதுதான் முதல் முறை. கூட்டம் அதைக் கவனித்துவிட்டது. அதற்குப் பிறகு யாரும் முன்னால் வரவில்லை.

ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்தக் கூட்டத்தில் ஒருவன், ஒரே ஒருவன், “நாந்தான் தலைமை, எழுதிக்கங்க” என்று சொல்லியிருந்தால்? நான் கதவை விட்டு நகர்ந்திருக்க மாட்டேன், அவ்வளவுதான் சொல்ல முடியும். மாடியில் இருந்தவருக்கு அது போதாது. என் உண்மை அவரைக் கொன்றிருக்கலாம். அப்போது நான் காப்பாற்றிய நான்காவது ஒழுக்கத்தை வைத்துக்கொண்டு என்ன செய்திருப்பேன் என்று எனக்குத் தெரியவில்லை. அதனால் இதை உங்களுக்கு வழிமுறையாகச் சொல்லவில்லை. இன்னொரு தெருவில், இன்னொரு கூட்டத்தில், வேறு முடிவு சரியாக இருக்கலாம். அந்த இரண்டு பேரையும் அத்தனை வருஷமாக எனக்குத் தெரியும். தங்கள் பெயரை அவர்கள் எவ்வளவு மதிப்பார்கள் என்றும் தெரியும். அந்த மதிப்பைத்தான் நம்பினேன். அதை மிரட்டல் என்று நீங்கள் சொன்னால் மறுக்க மாட்டேன்.

தவமணிதான் முடித்துவைத்தார். “சரிய்யா, இலங்கை அரசாங்கத்தக் கண்டிச்சு இங்கனயே கோஷம் போடுவோம். அதுக்கு நான் தலைமை. மாப்ள முன்னிலை. எழுதிக்கங்க சார்.” எழுதிக்கொண்டேன். கோஷம் போட்டார்கள். தொண்டை கிழியப் போட்டார்கள். அதில் பொய் எதுவும் இல்லை. எனக்கும் அந்தக் கோபம் இருந்தது. அடுத்த பத்திரிகையின் புகைப்படக்காரர் வந்து சேர்ந்தபோது படம் எடுக்க அதுதான் இருந்தது. எடுத்துக்கொண்டு போனார்.

பெரியவரைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். ஓடுகிற வண்டி என்று பார்த்தால் பாண்டியின் ஜீப்தான் இருந்தது. அவர் கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தார். “கொடியக் கழத்துனா வழியில மறிப்பானுங்க. கழத்தலன்னா எங்க தலைவரு காதுக்குப் போகும்” என்றார். பிறகு, “போகட்டும், கழத்த வேணாம்” என்றார். போலீஸ்காரர் பின் சீட்டில் ஏறிக்கொண்டார். ஆஸ்பத்திரியிலிருந்து போலீஸ் பொறுப்பேற்று ஊருக்கு அனுப்பிவைத்ததாகப் பிறகு தெரிந்துகொண்டேன்.

சோலையப்பன் என் பக்கத்தில் வந்து நின்றார். இன்னும் அவருக்கு மூச்சு சரியாகவில்லை. “ ‘நேபாளி’ன்னு ஒரு வார்த்தைல முடிஞ்சிருக்கும். ஏன் சார் இம்புட்டுப் பாடு?”

“நாளைக்கு நிஜமாவே நேபாளி ஒருத்தர் வந்து தங்குவாருல்ல அண்ணே. அன்னைக்கு நான் சொன்னா எவன் நம்புவான்?”

“நாளைக்கா? இனிமே காவித் துணி கட்டுனவுகளுக்கு ரூமே கெடையாது சார்” என்றார். சொன்னபடி செய்தாரா என்று தெரியாது.

செய்தி மறுநாள் வந்தது. தலைமை தவமணி, முன்னிலை பாண்டி. கடைசி வரியில், அந்த லாட்ஜில் நோயுற்றிருந்த இலங்கைப் பிக்கு ஒருவர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார் என்று எழுதினேன். அவர் பத்திரமான இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது உறுதியான பிறகுதான் அந்த வரியைக் கொடுத்தேன். அந்த வரிக்காக எங்கள் வீட்டுச் சுவரில் கரியால் ‘சிங்களக் கைக்கூலி’ என்று எழுதினார்கள். அப்பா அதைப் படித்துவிட்டு, “ஒரு கூலியும் வரலியேப்பா” என்றார். மழை வந்து அழிக்கும்வரை அது அங்கேயே இருந்தது. செய்தி வந்த அன்று காலையில் பாண்டி அலுவலகத்துக்கு வந்தார். பெயர் வரிசையைப் பற்றிப் பேசத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். “ஜீப் யாரோடதுன்னு எழுதலையே சார்” என்றார். எழுதினால் அவர் கட்சியில் தொந்தரவு வருமே என்றேன். “அது வரும்” என்று சொல்லிவிட்டு, டீ வாங்கித் தரச் சொல்லிக் குடித்துவிட்டுப் போனார்.

செய்தியில் நான் எழுதாதது இன்னொன்றும் உண்டு. அதைச் சொல்லி முடிக்கிறேன்.

ஜீப்பில் ஏற்றும்போது பெரியவர் என் தோளைப் பிடித்துக்கொண்டுதான் வந்தார். அவ்வளவு இலேசாக இருந்தார். சீட்டில் உட்கார்ந்ததும் கையை உயர்த்தி, எங்கள் வீட்டில் அப்பா சொல்லி முடிக்கும் அதே வாழ்த்தை, எல்லா உயிர்களும் நலமாக இருக்கட்டும் என்பதை, பாலி மொழியில் முணுமுணுத்தார். நான் ஜீப்பின் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டேன்: “அந்த எல்லா உயிர்களிலும் எங்கள் ஆட்களும் சேர்த்திதானே?”

அவர் வாழ்த்தை நிறுத்தினார். தலை குனிந்தது. ஜீப் கிளம்பித் திரும்பி மறையும்வரை அந்தத் தலை நிமிரவே இல்லை.

அது வெட்கமாக இருக்கலாம். வயிற்று வலியாகவும் இருக்கலாம். எது என்று எனக்குத் தெரியாது. வெட்கம் என்று எழுத எனக்கு மிகவும் ஆசையாக இருந்தது. எழுதவில்லை.